சென்னையில் சொந்த கிளினிக்: புதிதாகத் தொடங்கும் டாக்டர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.பி.பி.எஸ். முடித்து, சில வருடம் ஏதாவது ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்துவிட்டு, இனி சொந்தமாக ஒரு கிளினிக் போடலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் பல வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இடம், வாடகை, லைசென்ஸ் பற்றித்தான். அதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் பிராக்டீஸ் தடுமாறுவது வேறு இடத்தில். ஆஸ்பத்திரியில் இருக்கும்போது சந்தேகம் வந்தால் கேட்க ஒரு சீனியர் இருப்பார், கீழே லேப் இருக்கும், மேலே ஐ.சி.யூ. இருக்கும். கிளினிக்கில் இரவு எட்டரை மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் நீங்கள் மட்டும்தான். யாரைக் கூப்பிடுவது, எங்கே அனுப்புவது, யாரிடம் கேட்பது என்பதைக் கதவு திறப்பதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறவர்கள்தான் இந்த வேலையில் நிம்மதியாக நீடிக்கிறார்கள்.

முதல் வேலை: இன்னொருவரின் கிளினிக்கில் உட்காருங்கள்

கூட்டம் வருகிற ஒரு சீனியர் பொது மருத்துவரிடம் கேட்டு, சில மாதம் அவருடைய மாலை ஓ.பி.யில் கூட இருங்கள். மருந்து எழுதுவதை மட்டும் பார்க்காதீர்கள், அது உங்களுக்குத் தெரியும். டோக்கன் யார் கொடுக்கிறார்கள், காய்ச்சலோடு வரும் குழந்தையை வரிசையில் எப்படி முன்னால் விடுகிறார்கள், "சார் ஒரு ஊசி போட்டு விடுங்க, காலைல வேலைக்குப் போகணும்" என்று கேட்பவரிடம் அவர் எப்படிப் பேசி மறுக்கிறார், லேப் ரிப்போர்ட் வந்ததும் நோயாளிக்கு யார் போன் செய்கிறார்கள் என்பதையெல்லாம் பாருங்கள். கல்லூரியில் இதை யாரும் கற்றுத் தருவதில்லை.

பணத்தையும் அப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். புது கிளினிக் உடனே செலவுக்குக் கட்டாது. வாடகை, சம்பளம், கரண்ட் மூன்றையும் வருமானமே இல்லாமல் குறைந்தது ஆறு மாதம் தாங்கும் தொகை கையில் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பகலில் ஒரு ஆஸ்பத்திரி வேலை, மாலையில் மட்டும் கிளினிக் என்று தொடங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கையில் பணம் இல்லாத டாக்டர்தான் தேவையில்லாத டெஸ்ட் எழுதும் சூழலுக்குத் தள்ளப்படுகிறார்.

இடம்

மெயின் ரோடு தேவையில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து முட்டி வலிக்காரர் நடந்து வரும் தூரம், தரைத்தளம், வாசலில் ஆட்டோ நிற்க இடம், உள்ளே ஒரு கழிப்பறை இருந்தால் போதும். படி ஏறித்தான் வர வேண்டும் என்றால் உங்களிடம் வர வேண்டிய பாதிப் பேர், அதாவது வயதானவர்கள், வரமாட்டார்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, காற்றோட்டம். காத்திருக்கும் அறையை ஏ.சி. போட்டு அடைத்துவிட்டால், காசநோய் இருமலும் ஃப்ளூவும் கைக்குழந்தையும் ஒரே காற்றைச் சுவாசிப்பார்கள். எதிரெதிரே ஜன்னல், மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் நல்லது. உங்கள் நாற்காலியை ஜன்னல் பக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வியாசர்பாடி பக்கம் இடம் பார்க்கிறீர்களா? 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டு உரிமையாளர் சொல்வதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும். அந்த மட்டத்துக்கு மேலேதான் பிளக் பாயின்ட், தடுப்பூசி ஃபிரிட்ஜ், பழைய பதிவேடுகள் எல்லாம் இருக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் வாய்ப்பேச்சாக இருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மற்ற பதிவுகளுக்கும் இந்தக் காகிதம்தான் ஆதாரம். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருந்தால் முதலிலேயே மாற்றச் சொல்லுங்கள்.

காகிதங்கள்

முதலில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். உங்கள் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர் மருத்துவக் கல்வியில் 30 கிரெடிட் மணி நேரம் தேவை. கடைசி மாதத்தில் ஓடிப்போய்ச் சேர்க்க வேண்டாம், வருடத்துக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் வலிக்காது. பதிவு எண் உங்கள் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் சான்றிதழிலும் இருக்க வேண்டும். கன்சல்டிங் கட்டணத்தை நோயாளிக்குத் தெரியும்படி எழுதி மாட்ட வேண்டும். இரண்டும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளில் இருக்கின்றன.

அடுத்தது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997. இதற்கான விதிகள் 2018-ல் வந்தன. படுக்கை இல்லாத ஒற்றை டாக்டர் கிளினிக்கும் இதில் வரும். மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் துறைதான் பதிவு தருகிறது, அதன் தலைமையகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. படிவத்தை நிரப்பும் முன் உங்கள் பகுதியில் அண்மையில் பதிவு வாங்கிய ஒரு டாக்டரின் விண்ணப்பத்தைப் பார்த்துவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம். சான்றிதழ் வந்ததும் அதில் உள்ள காலாவதித் தேதியைப் போனில் அலாரமாகப் போட்டு வையுங்கள்.

மருந்து விஷயத்தில் புதியவர்கள் குழம்புவார்கள். உங்கள் சொந்த நோயாளிக்கு நீங்களே மருந்து கொடுக்கலாம், அதற்கு மருந்துக்கடை லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனால் மருந்தை லைசென்ஸ் உள்ளவரிடமிருந்துதான் வாங்க வேண்டும், வாங்கிய பில்லை வைத்திருக்க வேண்டும், கவுன்டர் போட்டு வெளியாட்களுக்கு விற்கக்கூடாது. மெடிக்கல் ஷாப்பாகவே நடத்த வேண்டுமென்றால் அது வேறு கதை. மருந்தாளுநர், லைசென்ஸ் எல்லாம் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. யாராவது சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியை மலிவாகத் தருகிறேன் என்று வந்தால், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் இடமும் கருவியும் பதிவாகாமல் உள்ளே விடாதீர்கள். பயன்படுத்தாமல் மூலையில் வைத்திருந்தாலும் சிக்கல்தான்.

வரிக்கு ஒரு ஆடிட்டரை வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வருமான வரி உண்டு, மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி உண்டு. கிளினிக்குக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, வாசலில் ஒட்டும் க்யூ.ஆர். அட்டையும் அந்தக் கணக்குக்கே போகும்படி செய்யுங்கள்.

மருத்துவக் கழிவு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சின்ன கிளினிக்தானே என்று இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நீங்கள் தூக்கிப் போடும் ஊசி மாநகராட்சித் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். கையுறை கிழிந்திருந்தால் ஹெபடைடிஸ் பி-யோ எச்.ஐ.வி.யோ அந்த வழியாகப் போய்விடும்.

2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு இது ஒருமுறை வாங்கும் அனுமதி. அதோடு, பொதுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் ஒன்றோடு ஒப்பந்தம் வேண்டும். அவர்கள் வண்டி வந்து எடுத்துப் போகும். பைகளில் பார்கோடு ஒட்ட வேண்டும். வருடாந்திர அறிக்கையை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும்.

அன்றாடம் நடப்பது இதுதான். ஊசி போட்டு முடித்ததும் மூடியைத் திரும்ப மாட்டக்கூடாது, நிறைய ஊசிக்குத்து அப்போது நடக்கிறது. நேராக நீடில் கட்டரில் விட்டு அறுக்க வேண்டும். ஊசி முனையும் பிளேடும் வெள்ளை டப்பாவுக்கு, அது குத்தினால் துளைக்காத டப்பாவாக இருக்க வேண்டும். முனை போன சிரிஞ்சு, கையுறை, ட்ரிப்ஸ் குழாய் எல்லாம் சிவப்புப் பைக்கு. ரத்தம், சீழ் பட்ட பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு. கண்ணாடி மருந்துக் குப்பி, ஆம்பூல் நீலத்துக்கு. மருந்து அட்டைப்பெட்டி, டீ கப் எல்லாம் சாதாரணக் குப்பை. அதைக் கொண்டுபோய் மஞ்சள் பையில் போட்டு எடையை ஏற்றாதீர்கள். மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது என்றால் சனிக்கிழமை மாலையே எடுக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

டப்பாக்களை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசி போடும் இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருந்தால் சிஸ்டர் சரியாகப் போடுவார். அடுத்த அறையில் இருந்தால் ஊசியை டிரேயில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். ஊசிபோடும் மேஜைக்கு நேர்மேலே சுவரில் நிற அட்டையைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் பத்து நிமிடம்

கிளினிக்கில் ஐ.சி.யூ. நடத்த முடியாது. ஆனால் 108 வரும் வரை ஒரு உயிரைப் பிடித்து வைத்திருக்க முடியும். அதற்கு வேண்டியது ஒரு டிரே, ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், ஒரு இ.சி.ஜி. கருவி, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், நெபுலைசர், குளுக்கோமீட்டர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். இ.சி.ஜி. கருவிக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். இந்தப் பட்டியலில் இல்லாத எதையும் பிறகு வாங்கலாம்.

டிரேயில் அட்ரினலின் முன் வரிசையில், தனியாக இருக்கட்டும். ஊசி போட்ட இரண்டாவது நிமிடம் ஒருவர் முகம் வெளுத்து, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கினால் அது கடும் ஒவ்வாமை, ஹைட்ரோகார்டிசோன் தேடிக்கொண்டிருக்கும் நேரம் இல்லை. பெரியவருக்கு அட்ரினலின் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கம், தசைக்குள். கால்களை உயர்த்திப் படுக்க வைத்து ஆக்ஸிஜன் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அரை மில்லி. மற்றதெல்லாம் அப்புறம். இந்த நான்கு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி டிரேயின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் நமக்குத் தெரிந்ததே மறந்து போகும்.

நெஞ்சுவலி என்றால் டோக்கன் வரிசை கிடையாது என்று ரிசப்ஷனில் இருப்பவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். "நெஞ்சு எரிச்சல்", "கேஸ் பிடிச்சிருக்கு", "தாடை வலி", "ஒரே வேர்வை" இந்த வார்த்தைகளும் அதே வரிசைதான். பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். மாரடைப்பு தெரிந்தால், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுத்து, குளோபிடோக்ரெலும் அடோர்வாஸ்டாடினும் கொடுத்து அனுப்புங்கள். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களே இந்த மாத்திரைகளைக் கையோடு கொடுக்கின்றன. தனியார் கிளினிக்கில் இல்லாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

யாரிடம் அனுப்புவது

சென்னையில் பிராக்டீஸ் செய்வதில் பெரிய வரமே இதுதான். எந்தத் திக்கில் உட்கார்ந்தாலும் எட்டும் தூரத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. பணம் உள்ளவர்கள் தனியார் மருத்துவமனைகளை அவர்களே தேடிக்கொள்வார்கள். உங்கள் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அரசு மருத்துவமனையில் எந்த வாசல் வழியாகப் போவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பட்டியல் எழுதி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, நாம் ஜி.எச். என்று சொல்வது. வடசென்னைக்கு ஸ்டான்லி. விரல் துண்டானவர்களை அனுப்ப ஸ்டான்லியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு பேர்பெற்றது. துண்டான விரலை ஈரமான சுத்தமான காஸில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும், விரல் நேராக ஐஸில் படக்கூடாது. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம். குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் எழும்பூர், கண்ணுக்கும் எழும்பூர்தான், அங்குள்ள அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இருக்கிறது. தென்சென்னைக்கு 2023-ல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, அண்ணா சாலையில் ஓமந்தூரார். மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை.

ஒரு விடுமுறை நாளில் உங்கள் பகுதிக்கு அருகே இருக்கும் அரசு மருத்துவமனைக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நேரில் போய் வாருங்கள். அங்குள்ள மெடிக்கல் ஆபீசரிடம், இந்தத் தெருவில் கிளினிக் போட்டிருக்கிறேன் என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இதற்கு நிகரான உதவி வேறு கிடையாது. சுகர் மாத்திரை வாங்க முடியாமல் இடையில் நிறுத்திவிடும் நோயாளியை "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சேர்த்துவிட்டால் மாத்திரை வீட்டுக்கே வரும். அவர் பி.பி.யை நீங்கள் தொடர்ந்து பார்க்கலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லாதவரிடம் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை அதில் வழி இருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, 2021 டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம்" திட்டப்படி, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். இதெல்லாம் தெரியாமல் தாலியை அடகு வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

காசநோயைத் தனியாகவே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. நோய் உறுதியானால் அரசுக்குத் தெரிவிப்பது 2012-லிருந்து கட்டாயம், நிக்ஷய் என்ற அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவு செய்யும் தனியார் டாக்டருக்கு 500 ரூபாய், சிகிச்சை முடிந்ததைத் தெரிவித்தால் இன்னொரு 500. நோயாளிக்கு இலவச மருந்தோடு சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். பதிந்தால் நோயாளி கைவிட்டுப் போய்விடுவார் என்று சிலர் பயப்படுகிறார்கள். போகமாட்டார். சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கிய காலத்தில் செய்த ஆய்வுதான், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டில் வைத்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அந்த ஊரில் பிராக்டீஸ் செய்கிறோம் என்ற நினைப்பு நமக்கு இருக்க வேண்டும்.

அனுப்பும் சீட்டில் "ஃபார் ஃபர்தர் மேனேஜ்மென்ட்" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தார், அப்போது பி.பி., பல்ஸ், சர்க்கரை, ஆக்ஸிஜன் எவ்வளவு, நீங்கள் என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, உங்கள் போன் நம்பர். இவ்வளவு இருந்தால் நடுராத்திரி கேஷுவாலிட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் உங்களை வாழ்த்துவார்.

ஸ்டாஃப்

ரிசப்ஷனுக்கு ஒருவர், பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர், சுத்தம் செய்ய ஒரு அம்மா. இவர்களுக்கு முதல் நாளே ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுங்கள், கழிவு விதிகளே அதைச் சொல்கின்றன. சுத்தம் செய்பவரை விட்டுவிடாதீர்கள், ஊசி அவருக்கும் குத்தும். குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பலனில்லை. மருந்து எங்கே கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள்.

சம்பளத்தை மாதம் ஐந்தாம் தேதிக்குள் கொடுங்கள். நோயாளி முன்னால் திட்டாதீர்கள். நீங்கள் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது நர்ஸ் கூட நிற்பது பழக்கமாகவே இருக்கட்டும்.

கட்டணமும் கமிஷனும்

வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஏழை மக்களுக்கு மருத்துவம் பார்த்தார், 2020-ல் அவர் மறைந்தபோது வடசென்னையே கலங்கியது. எல்லோராலும் ஐந்து ரூபாயில் கிளினிக் நடத்த முடியாது, அப்படி நடத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை. உங்கள் செலவைக் கணக்குப் போட்டு நியாயமான தொகை வையுங்கள், அதை போர்டில் எழுதுங்கள். முடியாதவரிடம் வாங்காதீர்கள், ஆனால் அதை எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். ரிப்போர்ட் காட்ட மூன்று நாளில் திரும்பி வருபவரிடம் மறுபடி பணம் கேட்கவே கூடாது.

லேப், ஸ்கேன் சென்டர், ஆஸ்பத்திரி மார்க்கெட்டிங் ஆட்கள் முதல் மாதமே வருவார்கள். கவரில் வைத்து நீட்டுவார்கள். "எல்லா டாக்டரும் வாங்குறாங்க சார்" என்பார்கள். எல்லோரும் வாங்குவதில்லை. நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவது மருத்துவக் கவுன்சில் விதிப்படி குற்றம் என்பது ஒருபக்கம். ஒருமுறை வாங்கிவிட்டால், அடுத்த ஸ்கேன் நோயாளிக்காக எழுதியதா கவருக்காக எழுதியதா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். "எனக்கு வேண்டாம், அந்தத் தொகையை என் நோயாளி பில்லில் குறைத்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். பல லேப்கள் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாத லேபுக்கு அனுப்பாதீர்கள்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் கிளினிக் காய்ச்சல் கிளினிக்காக மாறிவிடும். டெங்கு நேரத்தில் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி கேட்டால் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபென் கூடாது, பாராசிட்டமாலும் தண்ணீரும்தான். காய்ச்சல் விட்ட நாளில்தான் ஆபத்து அதிகம் என்பதை வீட்டாருக்குப் புரிய வைப்பது உங்கள் பெரிய வேலை. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து படுப்பது, சிறுநீர் குறைவது என்று ஐந்தையும் தமிழில் அச்சடித்த சீட்டாகக் கையில் கொடுங்கள். இதில் ஒன்று வந்தாலும் டோக்கன் இல்லாமல் நேராக வரச் சொல்லுங்கள். டெங்கு உறுதியானால் மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குத் தெரிவியுங்கள், கொசு மருந்து அடிக்க அந்தத் தெருவுக்கு ஆள் வரும்.

தடுப்பூசி வைத்திருந்தால் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவில் வைக்காதீர்கள், ஃப்ரீசர் பக்கமும் ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் ஹெபடைடிஸ் பி ஊசி வீண். உள்ளே ஒரு தெர்மாமீட்டர், காலை மாலை குறித்து வைக்க ஒரு நோட்டு. புயல் எச்சரிக்கை வந்தால் ஐஸ் பேக்கோடு தடுப்பூசியை ஜெனரேட்டர் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பதிவேடு, சர்டிபிகேட், வாட்ஸ்அப்

நோட்டோ கணினியோ, ஏதாவது ஒன்றில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு வரியாவது எழுதுங்கள். என்ன சொன்னார், என்ன பார்த்தீர்கள், என்ன கொடுத்தீர்கள், எப்போது திரும்ப வரச் சொன்னீர்கள். "அட்மிஷன் வேண்டும் என்று சொன்னேன், மறுத்துவிட்டார்" என்றால் அதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மெடிக்கல் சர்டிபிகேட் கேட்டு வருபவர்கள் ஓயமாட்டார்கள். பார்க்காத ஆளுக்கு, பார்க்காத தேதிக்கு எழுதாதீர்கள். கொடுத்த சான்றிதழ்களுக்குத் தனிப் பதிவேடு வைக்க வேண்டும்.

போனில் பார்ப்பதற்கு 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இருக்கிறது, ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தோல் படத்துக்கும் இருமல் ஆடியோவுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே ராத்திரி போய்விடும். கிளினிக்குக்குத் தனி நம்பர் வையுங்கள். இரவு பத்துக்கு மேல் அவசரம் என்றால் 108 என்று அதன் முகப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் ஒரு பெண் கர்ப்பமாக வந்தால், அல்லது குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. குடும்பம் கெஞ்சினாலும் மறைக்க முடியாது. முதலுதவி செய்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தகராறு வந்தால்

1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்து, கட்டணம் வாங்கும் டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறார். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட ஓ.பி. பார்க்காதீர்கள். இந்திய மருத்துவச் சங்கத்தில் உங்கள் பகுதிக் கிளையில் சேருங்கள். நோட்டீஸ் வந்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது என்று அங்குள்ள சீனியர்கள் சொல்வார்கள். கிரிமினல் அலட்சியம் என்று குற்றம் சாட்ட, முதலில் சுயேச்சையான மருத்துவக் கருத்து வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கூடிக் கத்தினால் வாதாடாதீர்கள். வீட்டாரில் ஒருவரை மட்டும் உள்ளே உட்கார வைத்து, நடந்ததை மெதுவாகச் சொல்லுங்கள். கைகலப்பானால், மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிறுவனங்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் நம்மைக் காக்கிறது, காவல் நிலையத்தில் புகார் தரும்போது அந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கன்சல்டிங் அறைக்கு இரண்டாவது கதவு இருந்தால் நல்லது. வரவேற்பறையில் கேமரா இருக்கட்டும், பரிசோதிக்கும் அறையில் கூடவே கூடாது.

உங்களுக்கு

தெரியாததைக் கேட்க ஐந்தாறு பேர் வேண்டும். ஒரு இதய மருத்துவர், ஒரு குழந்தை மருத்துவர், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு சர்ஜன், ஒரு மனநல மருத்துவர், ஒரு தோல் மருத்துவர். உங்களோடு படித்தவர்களே இருப்பார்கள். "இ.சி.ஜி. அனுப்புறேன், ஒரு நிமிஷம் பாரு" என்று கேட்கும் உறவு இருக்க வேண்டும். படிக்க விரும்பினால், வேலூர் சி.எம்.சி. தொலைதூரக் கல்வியில் குடும்ப மருத்துவ டிப்ளமோ நடத்துகிறது, பிராக்டீஸை விடாமல் சேரலாம்.

மனசுக்குச் சுமை அதிகமானால் மறைத்துக்கொண்டு ஓ.பி. பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இருக்கிறது, சென்னையில் 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பு இருக்கிறது. டாக்டர்களும் கூப்பிடலாம். நோயாளிக்குத் தரும் அதே அக்கறை உங்களுக்கும் கிடைக்கும்.

வாரத்தில் ஒரு நாள் முழுதாக மூடுங்கள். வருடத்தில் பத்து நாளாவது ஊருக்குப் போங்கள். அதற்கு, இரண்டு தெரு தள்ளி கிளினிக் வைத்திருக்கும் டாக்டரோடு இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் போட்டியாளராகப் பார்க்க வேண்டியதில்லை, இந்த ஊரில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் இல்லாதபோது உங்கள் நோயாளியை அவர் பார்ப்பார், அவர் இல்லாதபோது நீங்கள். நீங்கள் திரும்பி வந்ததும் அவர் பார்த்தவர்களின் குறிப்பு உங்கள் நோட்டுக்கு வர வேண்டும், நோயாளி பழைய டாக்டரிடமே திரும்பலாம், கட்டணம் பார்த்தவருக்கே. இந்த மூன்றை மட்டும் முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கதவில் மாட்டும் விடுமுறை அட்டையில் அவர் பெயரும் முகவரியும் நேரமும் இருக்கட்டும்.